இடிமுனியும் சுண்டெலியும்

கதவு மேல இருந்து கையை எடுங்க சார். முதல்ல கையை எடுங்க. கோவிச்சுக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்த வெயிலுமுத்து கடைக்கு வந்து ஒரு பொருளைத் தடவிப் பார்த்தவன் எவனும் அதைச் சல்லிசா வாங்கிட்டுப் போனதில்லை. பிடிச்ச பொருளைப் பார்க்கவே கூடாது. பக்கத்துல உளுத்துப்போய்க் கிடக்குதே ஜன்னல், அதைப் பார்க்கணும். "இது என்ன விலை அண்ணாச்சி?"ன்னு அதைக் கேட்கணும். கேட்டுட்டுப் போற போக்குல, "அந்தக் கதவும் சும்மாதான் கிடக்கா?"ன்னு ஒரு வார்த்தை விடணும். நீங்க என்னடான்னா கார்ல இருந்து இறங்கினதும் இறங்காததுமா அந்தத் தேக்குக் கதவைப் புதுமாப்பிள்ளை மாதிரி பார்க்கிறீங்க. இனி நான் எப்படி விலையைக் குறைப்பேன்?

உட்காருங்க. அந்த நிலைக்கட்டை மேலேயே உட்காருங்க, தாங்கும். டீ வருது. ஏன் அவ்வளவு தள்ளி உட்காருறீங்க? சத்தமாப் பேசுறேனா? நானா? நான் மெதுவாத்தான் பேசுவேன் சார். காலம் பூரா சுவர் இடிக்கிற இடத்துல நின்னவன், அதனால குரல் கொஞ்சம் தடிச்சுப் போச்சு, அவ்வளவுதான்.

என் போனையா பார்க்கிறீங்க? ஆமா, விளையாட்டுதான். சிரிச்சுக்கங்க. நரைச்ச மீசையை வச்சுக்கிட்டு செங்கல் உடைக்கிற விளையாட்டு விளையாடுறானேன்னு ஊரே சிரிக்குது, நீங்க ஒருத்தர் சிரிச்சா என்ன குறைஞ்சிரப் போகுது. ஆனா இந்தப் போனுக்குள்ள எனக்கு நடந்த துரோகத்தைக் கேட்டா சிரிக்க மாட்டீங்க.

எங்க தொழில் தெரியும்ல? நிக்கிற வீட்டை அப்படியே விலை பேசி வாங்குவோம். இடிச்சு, கதவு தனி, உத்திரம் தனி, செங்கல் தனின்னு பிரிச்சு விப்போம். ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா எனக்கு எது வேணுமோ அதை நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். தேக்குத் தூண் நின்னா, நான் ஒழுகுற ஓட்டைப் பார்த்து உச்சுக் கொட்டுவேன். வீட்டுக்காரன் முகம் சுருங்கும். அப்புறம் மனசுக்குள்ள கடைசி விலைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதை ஒரு உசுருக்கும் சொல்லக் கூடாது. கட்டினவகிட்டயும் சொல்லக் கூடாது. கடைசி விலை தெரிஞ்சவன்கிட்ட பேரமே கிடையாது, அவன் வச்சதுதான் சட்டம். இதெல்லாம் எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரல. செங்கல் சுமந்த காலத்துல கண்டவன்கிட்டயும் ஏமாந்து ஏமாந்து படிச்ச படிப்பு. நான் சொல்லிக் கொடுத்ததும் ஒரே ஒரு ஆளுக்குத்தான். என் மக வாணிக்கு. அங்க இருந்து வந்தது வினை.

போன வருஷம் ஆடி முடிஞ்ச கையோட வாணி வந்து முன்னால நின்னா. ஒருத்தனைப் பிடிச்சிருக்காம். சுடலைராஜாம் பேரு.

"என்ன தொழில்?"

"வீடியோ கேமுக்குப் படம் வரையிறாருப்பா. கூட்டாளிங்க சேர்ந்து மதுரையில சின்னதா கம்பெனி வச்சிருக்காங்க."

எனக்கு உச்சியில ஏறிருச்சு. பொம்மைக்குப் படம் போடுறது ஒரு பிழைப்பா சார்? ஊரான் வீட்டுப் பிள்ளைக நேரத்தைத் தின்னு ஏப்பம் விடுறவனுக்கு என் பொண்ணா? ஒரு செங்கலைத் தூக்கியிருப்பானா அவன் கை? போட்டோவை நீட்டினா. வாங்கிக் குப்புறப் போட்டேன்.

என் வீட்டுக்காரி பரமேஸ்வரி இருக்காளே, அவ குறுக்க வந்தா. "மூஞ்சியப் பார்க்காமலே வேண்டாம்னா எப்படிங்க? ஒரு தடவை பாருங்களேன்."

"பார்த்தா விலை ஏறிரும்டி."

"அவன் என்ன பழைய ஜன்னலா?"

"ஜன்னலா இருந்தாலும் ரெண்டு கம்பி தேறும். போடி."

பார்க்கவே இல்லை சார். அவங்க வீட்டுல இருந்து பெரியவங்க பேச வந்தப்பவும் பின்வாசல் வழியா லாரி ஷெட்டுக்குப் போயிட்டேன். தொழில் தர்மம். வேண்டாம்னு முடிவு பண்ணின பொருளைக் கண்ணால பார்க்கக் கூடாது. வாணி அழுதா, சண்டை போட்டா, பட்டினி கிடந்தா. அவ ஏற ஏற நானும் ஏறினேன். எதிராளி சண்டை போடுற வரைக்கும் எனக்குத் தெம்பு குறையவே குறையாது.

அப்புறம் ஐப்பசி மழை. சாத்தூர் பக்கம் ஒரு மச்சு வீட்டை இறக்கிக்கிட்டு இருந்தோம். ஈரச் சுவர், ஏறாதீங்கன்னு ஆளுக சொன்னாங்க. என்கிட்ட சொல்ல இவங்க யாருன்னு ஏறினேன். சுவரும் நானும் சேர்ந்தே இறங்கினோம். தொடையில இருந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு. மழைக்காலம் பூராவும் கட்டில்தான்னு டாக்டர் சொல்லிட்டார்.

கடையை வாணி பார்த்துக்கிட்டா. நான் படுத்த இடத்துல இருந்து பால்காரனைத் திட்டினேன், டிவியைத் திட்டினேன், கொடிக்கயித்துல உட்கார்ந்த காக்காயைத் திட்டினேன். ஒரு நாள் வாணி என் போனை வாங்கி என்னமோ பண்ணிக் கையில கொடுத்தா. "உடைக்காம இருக்க முடியலைல்ல? இதை உடைங்கப்பா. வீட்டை விட்டுருங்க."

பார்த்தா அந்தக் காலத்துல பொருட்காட்சியில காசு போட்டு விளையாடுவாங்களே, அதே மாதிரி கட்டம் கட்டமாப் படம், கீச்சு கீச்சுன்னு சத்தம். கீழே ஒரு பலகை. அதை இடமும் வலமும் இழுத்து, விழுற பந்தை மேல தட்டணும். மேல செங்கல் சுவர். பந்து பட்டா செங்கல் உடையும். இதுல என்ன இருக்குன்னு கேட்காதீங்க. அந்தச் சுவர் ஒரு அரக்கனோட கோட்டைச் சுவர். செங்கல்லுக்குள்ள பூதம் இருக்கும், மருந்துக் குப்பி இருக்கும், பொற்காசு இருக்கும். உடைக்க உடைக்க நம்ம வீரனுக்குப் பலம் ஏறும், கவசம் ஏறும், பந்துக்கே தீப்பிடிக்கும். கடைசியில ஒரு யாளி. என் வீரனுக்கு இடிமுனின்னு பேர் வச்சேன்.

முதல் நாளே எனக்குச் சூட்சுமம் பிடிபட்டுப் போச்சு. எல்லாரும் நடுச்சுவரைப் போட்டுத் தட்டுவான். முட்டாள்ப்பய. சுவரை மூலையில பிரிக்கணும். ஓரத்துல ஒரு சந்து திறந்து பந்தைப் பின்பக்கம் அனுப்பிட்டா, அது கூரைக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுத் தானே எல்லாத்தையும் தகர்க்கும். நாம பீடி பத்த வச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கலாம். எந்த வீட்டுக்கும் அதுதான் வழி.

அந்தக் கோட்டை வாசல்லதான் அவன் வந்து சேர்ந்தான். கூட ஒரு ஆளைச் சேர்த்துக்கலாம்னு விளையாட்டுல ஒரு வசதி. ஒரு சின்ன மந்திரவாதி, தலையைவிடப் பெரிய தொப்பி. பேரு சுண்டெலி. எந்த ஊரு, யாரு பெத்த பிள்ளை, ஒண்ணும் தெரியாது. "அண்ணாச்சி, நான் மருந்து போடுறவன். உங்ககூட வரட்டுமா?"ன்னு எழுதினான். நான் எழுத மாட்டேன், போனைப் பார்த்துப் பேசுவேன், அது எழுத்தாக்கி அனுப்பிரும். "வாடா, ஆனா குறுக்க வராதே"ன்னேன்.

எப்பேர்ப்பட்ட துணை தெரியுமா சார்? என் பந்து கைதவறிக் கீழே விழப்போனா, அந்தச் சுண்டெலி ஓடிப்போய் அடியில படுத்துக்குவான். பந்து அவன் மேல பட்டு எழும்பிரும், அவன் செத்துருவான். திரும்ப முதல்ல இருந்து பலம் சேர்த்துக்கிட்டு வரணும். சலிக்காம வருவான். "எதுக்குடா எனக்காகச் சாகுற?"ன்னு கேட்டா, "நீங்க சுவரை இடிங்க அண்ணாச்சி, நான் திரும்ப வந்துக்குவேன்"பான். என் கூடப் பிறந்தவன் ஒருத்தன் இப்படி நின்னிருப்பானா?

அறிவாளியும்கூட. நான் ஒரு நாள் திட்டினேன், "என்னடா சுவர் கட்டியிருக்கான் இந்தக் கம்பெனிக்காரன்? செங்கல்லுக்கு நேர் மேலயே செங்கல்லை வச்சிருக்கான், மூட்டு மேல மூட்டு வருது. கொத்தனார்ப் பய அடிக்க வருவான்." அவன் "அப்புறம் எப்படி அண்ணாச்சி வைக்கணும்?"ன்னு மரியாதையாக் கேட்டான். சொன்னேன். சொன்ன வாரமே போன்ல அந்த விளையாட்டைப் புதுசா இறக்கிக்கச் சொல்லிச்சு. இறக்கினா, கோட்டைச் சுவர்ல செங்கல் மாத்தி மாத்திக் கச்சிதமா நிக்குது! "பார்த்தியாடி, வெயிலுமுத்து பேச்சு எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கு"ன்னு பரமேஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதைவிடக் கூத்து, அந்த விளையாட்டுல ஒரு குள்ளன் ஆயுதக்கடை வச்சிருக்கான். ஒரே விலை. குறைக்கவே மாட்டான். எனக்கு ரத்தம் கொதிச்சுது. "பேரம் பேசாத கடை என்னடா கடை? அது பிணவறைடா"ன்னு சுண்டெலிகிட்ட கத்தினேன். மழை விடுறதுக்குள்ள குள்ளன் பேரம் பேச ஆரம்பிச்சுட்டான் சார்! "கட்டுப்படியாகாது"ங்கிறான், நெஞ்சுல அடிச்சுக்கிறான். நாம "உன் இஷ்டம்"னு சொல்லிட்டு நடையைக் கட்டினா, வாசல் தாண்டுறதுக்குள்ள, "வீரரே, நில்லும், நில்லும்!"னு பின்னாலேயே ஓடி வர்றான். கிறுக்குப்பய. நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன். எத்தனை தடவை ஏமாத்தினாலும் அதே மாதிரி ஓடி வருவான்.

வீட்டுக்காரி ஒரு நாள் கஞ்சியைக் கொண்டுவந்து வச்சுட்டுச் சொன்னா, "பேரு ஊரு தெரியாதவனுக்கு உசுரைக் கொடுக்குறீங்க. பேரு ஊரு தெரிஞ்சவனை வாசப்படி ஏற விட மாட்டேங்கிறீங்க."

"இவன் ஆம்பளைடி. கூட நின்னு சாகுறான். அவன் என்ன பண்ணினான் எனக்கு?"

அவ கஞ்சியைக் கைக்கு எட்டுற மாதிரி நகர்த்தி வச்சுட்டுப் போயிட்டா.

அப்புறம்தான் சார் அந்த மத்தியானம். வெளியே கொட்டு கொட்டுன்னு கொட்டுது. கரண்டு இல்லை. யாளி வாசலுக்கு முன்னால ரெண்டு பேரும் நின்னுக்கிட்டு இருந்தோம். சுண்டெலி எழுதினான், "இன்னைக்கு உங்க ஆட்டத்துல வேகம் இல்லையே அண்ணாச்சி. வீட்டுல எதுவும் விசனமா?"

யாரு சார் என்கிட்ட இப்படிக் கேட்டிருக்கா? எல்லாரும் விலையைக் கேட்டிருக்கான், தேதியைக் கேட்டிருக்கான். விசனமான்னு ஒருத்தன் கேட்கவும் எனக்குள்ள என்னமோ உடைஞ்சு போச்சு. போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரகசியமாத்தான் சொன்னேன். மழைச் சத்தத்துல போனுக்குக் கேட்க வேண்டாமா, அதனால கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.

"டேய் சுண்டெலி, என் மக ஒருத்தனைக் கட்டணும்னு நிக்கிறா. நான் மாட்டேன்னு நிக்கிறேன். அவ அழுதா நான் அசைய மாட்டேன். பட்டினி கிடந்தா அசைய மாட்டேன். ஆனா ஒண்ணு. அவ சண்டையை விட்டுட்டு, 'சரிப்பா, உங்க இஷ்டம்'னு சொல்லிட்டு எழுந்து போனா, அன்னைக்கே நான் காலிடா. அவ முதுகை என்னால பார்க்க முடியாது."

கடைசி விலை சார். கட்டினவளுக்கும் சொல்லாததை, தொப்பி போட்ட ஒரு எலிக்குச் சொல்லிட்டேன்.

சுண்டெலி அப்புறம், "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணாச்சி"ன்னு மட்டும் எழுதினான். பாருங்க, எவ்வளவு நல்லவன் மாதிரி!

அன்னைக்குச் சாயங்காலமே வாணி வந்தா. காபியைப் பக்கத்துல வச்சா. கண்ணுல தண்ணி இல்லை, முகத்துல கோவம் இல்லை. "சரிப்பா. உங்க இஷ்டம்"னா. எழுந்து நடந்தா. நான் காபியைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். போகட்டும், போகட்டும்னு பல்லைக் கடிச்சேன். வாசல்படியில அவ செருப்பு மாட்டுற சத்தம் கேட்டுச்சு. கால்ல கட்டு இருக்கிறதே மறந்துபோச்சு சார், கட்டில்ல இருந்து பாதி இறங்கிட்டேன். "வாணி! ஏய், நில்லு! நில்லுங்கிறேன்ல! வரச் சொல்லு அந்தப் பயலை!"

கார்த்திகையில நிச்சயதார்த்தம். கக்கத்துல கட்டை வச்சுக்கிட்டு நின்னேன். அன்னைக்குத்தான் அவனைக் கண்ணால பார்த்தேன். ஒல்லிக்குச்சி. கண்ணாடி. என் கண்ணைப் பார்க்கவே மாட்டேங்கிறான். கூச்சம்னு நினைச்சேன். தட்டு மாத்தியாச்சு, தாம்பூலம் வாங்கியாச்சு. எங்க தொழில்ல கை கொடுத்துட்டா அவ்வளவுதான், நட்டமானாலும் மாத்திப் பேசக் கூடாது.

கொட்டுச் சத்தம் ஓய்ஞ்சு எல்லாரும் சாப்பிட எந்திரிச்சாங்க. எனக்கு என்னமோ நெஞ்சு நிறைஞ்சு இருந்துச்சு. யார்கிட்ட சொல்லணும்னு தோணும் அந்த நேரத்துல? சொந்தக்காரன் அத்தனை பேரு நிக்கிறான், எனக்கு என் சுண்டெலி நினைப்புத்தான் வந்துச்சு. போனை எடுத்தேன். "டேய் சுண்டெலி, மகளுக்கு நிச்சயம் முடிஞ்சிருச்சுடா. கல்யாணத்துக்கு நீ வரணும், முன்வரிசையில உட்காரணும்"னு சொல்லி அனுப்பினேன்.

அந்த விளையாட்டுல சேதி வந்தா ஆந்தை கத்தும். கொரக் கொரக்னு.

மாப்பிள்ளை சட்டைப் பையில ஆந்தை கத்திச்சு சார்.

நிச்சய வீட்டுல ஆந்தைச் சத்தம். பெண்டுக எல்லாம் பதறிப்போய் மேல பார்க்குதுக. அவன் பையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான், முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு. எனக்குப் புரியல. இன்னொரு தடவை அனுப்பினேன். வெறும் "டேய்"னு. மறுபடியும் அவன் பையில ஆந்தை.

நான் வாணியைத்தான் பார்த்தேன். அவ என்னையும் பார்க்கல, அவனையும் பார்க்கல. எதிர்ச்சுவர்ல காரை பேர்ந்து கிடந்த இடத்தையே அக்கறையாப் பார்த்துக்கிட்டு நின்னா. பிடிச்ச பொருளைப் பார்க்கக் கூடாதுன்னு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

கத்துவேன்னு எல்லாரும் பயந்தாங்க. கத்தல சார். கட்டையை ஊனிக்கிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கிட்டேன். பரமேஸ்வரி வந்து நெத்தியைத் தொட்டுப் பார்த்தா. நான் கத்தாததுக்கு அவ அழுதா.

கல்யாணம் தையில முடிஞ்சது. மதுரையில இருக்காங்க. அவன்கிட்ட நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லை. வீட்டுக்கு வந்தா நான் இங்க வந்து உட்கார்ந்துக்குவேன். ஒரு நாள் விளையாட்டுக்குள்ள எழுதியிருந்தான்: "நான் யாருன்னு மறைச்சது தப்புத்தான் அண்ணாச்சி. முகத்தைப் பார்க்க மாட்டேன்னீங்க, வேற வழி தெரியல. ஆனா நீங்க சொன்னதை நான் வாணிகிட்டச் சொல்லல. அன்னைக்கு அவ அடுப்படியிலதான் இருந்திருக்கா. நீங்க போட்ட சத்தத்துல எல்லாமே கேட்டுச்சாம்."

எப்படிப் பொய் பாருங்க! நான் அவ்வளவு ரகசியமாச் சொன்னது அடுப்படிக்குக் கேட்டுச்சாம். இதைப் பரமேஸ்வரிகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அவ என்ன சொல்றா தெரியுமா? "அடுப்படிக்கா? எதிர்த்த வீட்டு அம்மா வந்து, 'உங்க வீட்டுக்காரர் இறங்கிருவாராமே'ன்னு என்கிட்டக் கேட்டுச்சுங்க"ங்கிறா. அவளையும் அவன் பக்கம் இழுத்துட்டான். வீட்டுல ஒரு ஆள் எனக்கு மிச்சமில்லை.

மருமகன் தங்கமானவன்னு ஊரு சொல்லுது. இருக்கட்டும். வாணி நல்லா இருக்கா. இருக்கட்டும். எனக்கு மருமகன் கிடைச்சான், சரி. என் சுண்டெலி எங்க சார் போனான்? எனக்காகச் செத்துச் செத்து வந்தானே, அவன் எங்க? ஒரு ஒல்லிக்குச்சி வந்து கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு 'நான்தான் அது'ங்கிறான். நான் எப்படி ஒத்துக்க முடியும்? ஒரு காரியத்துக்காக என்கூட நின்னவன் எப்படி என் சிநேகிதன்?

டீயைக் குடிங்க. ஆறிப் போச்சு பாருங்க.

கதவுக்கு என்ன கொடுப்பீங்க? சும்மா சொல்லுங்க... என்ன சார் இது? இது தேக்கா, தீப்பெட்டிக் குச்சியா? அந்தக் கீலுக்கே ஆகாதே நீங்க சொல்றது. இந்தக் கதவை அழிக்கிற பாவத்துக்கு அஞ்சித்தான் நான் இன்னும் வச்சிருக்கேன். ஒரு காசு குறையாது. மாட்டேன்னா மாட்டேன்.

என்ன எந்திரிச்சுட்டீங்க?

"சரி அண்ணாச்சி, உங்க இஷ்டம்"ங்கிறீங்களா? போங்க. தாராளமாப் போங்க. கதவு என்ன கால் முளைச்சு ஓடிரவா போகுது. நாளைக்கே ஒருத்தன் வருவான். காரை எடுங்க, அந்தச் செங்கல் அட்டியில இடிச்சிராம எடுங்க...

சார்.

சார்! நில்லுங்க சார்! அட, நில்லுங்கங்கிறேன்ல!

எந்த ஊரு சார் நீங்க? உண்மையைச் சொல்லுங்க. மதுரையா? உங்க போனை வெளியே எடுங்க. எடுங்க சார், ஒண்ணும் பண்ண மாட்டேன். இந்தா, இந்தப் பலகை மேல வைங்க. இப்ப இங்க எவன் விலை பேசி எந்திரிச்சாலும் இந்தச் சோதனை உண்டு. நான் ஒரு சேதி போடுறேன்.

"டேய் சுண்டெலி. இருக்கியா?"

...உங்களது கத்தல. சரி. நீங்க இல்லை. வாங்க, வந்து உட்காருங்க, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு விலை பேசி...

கேட்டீங்களா? ஆந்தை. என்னுதுலதான். "வந்துட்டேன் அண்ணாச்சி, யாளி வாசல்ல நிக்கிறேன்"ங்கிறான். போட்ட உடனே பதில் பாருங்க துரோகிக்கு. ஆபீஸ்ல வேலையைப் பார்க்கிறானா, என்னைப் பார்த்துக்கிட்டே இருக்கானா?

அந்த வாசலை ஒத்தை ஆளால திறக்க முடியாது சார், ரெண்டு பேரு வேணும். அவனை உள்ளே அனுப்பி யாளிகிட்டத் தனியா மாட்டிவிட்டுட்டு நான் திரும்பி வந்துரணும். அதுக்குத்தான் போறேன். தினமும் அதுக்குத்தான் போறேன்.

கொஞ்சம் பொறுங்க சார். கதவைத் தடவிக்கிட்டு இருங்க, பரவாயில்லை. அந்தப் பய அதுக்குள்ள அடியில போய்ப் படுத்துட்டான். எந்திரிடா! என் பந்தை நானே பிடிச்சுக்குவேன், எந்திரிடா டேய்!